பேர் வெட்டினது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
விமானம் இறங்கும்போது மட்டும் பேரம் நிற்கும்.
விலையை விரல்களில் பிடித்தபடி
வாய் திறந்து காத்திருப்போம்.
அது திரிசூலம் பக்கம் தாழ்ந்ததும்
விட்ட இடத்திலிருந்து:
நூற்றியிருபது.
எண்பது.

டைட்டஸ் லென்ஸ் தேடுவான்.
பூஞ்சை பிடித்த கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பார்த்து
டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவான்.
ஆராவமுதன் சாருக்கு ரேடியோக் குமிழ்.
ரேடியோ வேண்டாம், குமிழ் மட்டும்.
எனக்குப் பேர்.
பேர் வெட்டிய பாத்திரம்.

'ராயபுரம் தண்டபாணி, சீட்டுப் பரிசு' என்றொரு தட்டு.
மூன்று முறை பேர் அடித்து
நாலாவது பேர் வெட்டிய குத்துவிளக்கு.
'காமதேனு மெஸ்ஸில் திருடியது' என்று
மெஸ்காரரே வெட்டிவைத்த தம்ளர்,
அது என்னிடம் ஆறு இருக்கிறது.

எத்திராஜ் முதலில் குறைத்துத்தான் கொடுத்தார்.
அடுத்தவன் பேர்ல யாரும்மா தண்ணி குடிப்பா.
மூன்றாம் மாதம் என்னைப் படித்துவிட்டார்.
இப்போது பேருக்குப் பத்து ரூபாய் கூட,
தேதி இருந்தால் இருபது.

போன வாரம்
ரிமோட்டுக் குவியலுக்குக் கீழே
திருகு மூடி போட்ட கூஜா.
புடவைத் தலைப்பால் துடைத்தேன்.
கஸ்தூரி – மனோகர்
9.2.96
அன்புடன் சுகிதா

சுகிதா இல்லை. சுகிர்தா.
எழுத்துக்கு நாற்பது பைசா அன்றைக்கு.
வெட்டுகிறவர் பேனா மின்சாரத்தில் வண்டு மாதிரி அதிர
ர்-ஐ விழுங்கிவிட்டு
காசை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்.
திருத்த நேரமில்லை. முகூர்த்தம் ஏழரைக்கு.
பரிசுக் குவியலில்
எழுத்துப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்தேன்.

எத்திராஜ், இது நான் கொடுத்தது.
வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
உன் பேர் என்ன?
சுகிர்தா.
இதுல சுகிதா. அது வேற ஆளு.
நூற்றித் தொண்ணூறு.

விமானம் ஒன்று வந்தது.
அந்தச் சத்தத்துக்குள் கணக்குப் போட்டேன்.
கஸ்தூரி வீட்டைக் காலி செய்திருக்கலாம்.
மகன் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், குளிர் ஊருக்கு.
மனோகருக்குக் குடி உண்டு என்று யாரோ சொன்னார்கள்.
ஒரு சாவு வீட்டில்
பழைய சாமான்காரனைக் கூப்பிடுகிறவள் முகம்
யாருடையது?
டைப்பிங் வகுப்பில் என் நாற்காலியில்
அவள் தன் பையை வைத்து இடம் பிடிப்பாள்.
கடைசியாகப் பேசியது எப்போது?
நம்பர் ஏழு இலக்கமாக இருந்தபோது.

நூற்றி எழுபது.
சத்தியமா நான்தான் கொடுத்தது, எத்திராஜ்.
அப்போ உனக்கு இதோட அருமை தெரியும், என்றார்.
இருநூறு குடு.

கொடுத்தேன்.
ஸ்டேஷன் வாசல் கடையில்
இதுல ரெண்டு டீ பார்சல், என்றேன்.
மாஸ்டர் வெந்நீரில் கழுவி, முகர்ந்து பார்த்து ஊற்றினார்.
தாம்பரம் – பீச் வண்டியில் ஜன்னலோரம்.
மீனம்பாக்கம் தாண்டுவதற்குள்
மடியில் சூடு.

தூக்கிப் பார்த்தேன்.
அடித்தட்டு பற்றவைத்த இடத்தில்
ஊசி முனை அளவு ஓட்டை.
அதைச் சுற்றி ஈயம்,
அதற்கு மேல் எம்-சீல்,
எம்-சீல் மேலேயும் தேங்காய் நார் தேய்த்த கோடுகள்.
ஒரு முறை அடைத்து, மறு முறை அடைத்து
இன்னமும் ஒழுகுது சனியன் என்று
அவள் வீசியெறிந்த சத்தமே கேட்டது.

அவ்வளவுதான்.
ஒழுகியிருக்கிறது, போட்டுவிட்டாள்.

எதிர் சீட்டுப் பெண் செய்தித்தாளை நீட்டினாள்.
பரவாயில்லை என்றேன்,
சிரித்துக்கொண்டே.
பரங்கிமலை வரைக்கும்
சொட்டியது.